தாடை மூட்டில் வைக்கும் உலோகம் கறள் பிடிக்குமா? வன்னியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உலோகம் பற்றிப் படித்தவன் கிளிநொச்சியில் இருக்கிறான் என்று தெரிந்தால் கேட்டுக்கு வெல்டிங் நிற்குமா என்பதிலிருந்து தாடைக்குள் வைத்த பிளேட் வரைக்கும் எல்லாச் சந்தேகமும் வீடு தேடி வரும். செல் (எறிகணை) காயத்தில் தாடை உடைந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், சின்ன வயதில் நாடி அடிபட விழுந்து மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி வாய் திறக்க முடியாமல் போனவர்கள் என்று கேட்பவர்கள் பல வகை. கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. உலோகம் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். ஓபிரேசன் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் விசயம்.

உடம்புக்குள்ள இரும்பு வைச்சா கறள் பிடிக்காதோ?

வெறும் இரும்பை வைத்தால் பிடிக்கும், அதுவும் வேகமாக. முல்லைத்தீவுக் கடலில் உப்பு 3.5 சதவீதம் என்றால் உடம்புத் திரவத்தில் ஏறக்குறைய 0.9 சதவீதம். கடலின் கால்வாசி உப்பு, 37 பாகை சூடு, கரைந்த ஒட்சிசன், புரதம் எல்லாம் சேர்ந்து இரவு பகலாக நனைத்துக்கொண்டே இருக்கும் இடம் அது. அதனால் வெறும் இரும்பை யாரும் வைப்பதில்லை.

காற்றோ தண்ணீரோ பட்ட உடனேயே தன் மேல் தானே ஒரு ஒட்சைட்டுப் படலத்தை வளர்த்துக்கொள்ளும் உலோகங்களைத்தான் வைக்கிறார்கள். டைட்டேனியத்தில் அது டைட்டேனியம் ஒட்சைட்டு, கோபால்ட் குரோமியக் கலப்புலோகத்திலும் எவர்சில்வரிலும் குரோமியம் ஒட்சைட்டு. சில நனோமீற்றர் தடிப்புத்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்பில் ஏறும் கறள் உதிர்ந்து உதிர்ந்து உள்ளே வழி விடும், இந்தப் படலமோ இறுக ஒட்டியிருந்து வழியை அடைத்துவிடும். கீறினாலும் உடனேயே திரும்ப வளரத் தொடங்கும். இந்தப் படலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

தாடை மூட்டு எண்டு சொல்லி உள்ளுக்க என்னதான் வைக்கினம்?

இரண்டு துண்டு. காதுக்கு முன்னால், மண்டையோட்டின் பக்கம் இருக்கும் குழிக்கு ஒன்று. கீழ்த்தாடையின் மேல் நுனியில் இருக்கும் உருண்டைக்கு இன்னொன்று. இப்போது அதிகம் புழங்கும் சாதனங்களில் குழிப் பக்கத்தில் தேய்மானம் தாங்கும் ஒரு வகைப் பொலித்தீன் இருக்கும், கடையில் கிடைக்கும் பை அல்ல, மூலக்கூறு மிக நீளமான, கட்டியான பொலித்தீன், இடுப்பு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் போடுகிற அதே சாமான். உருண்டைப் பக்கம் கோபால்ட், குரோமியம், மொலிப்டினம் சேர்ந்த கலப்புலோகம்.

அந்த உருண்டையைத் தாடை எலும்போடு பிடித்து வைக்கும் தண்டு சில சாதனங்களில் டைட்டேனியக் கலப்புலோகத்தில் இருக்கும், அதாவது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மிச்சம் டைட்டேனியம். சிலவற்றில் தண்டும் கோபால்ட் குரோமியம்தான், எலும்பைத் தொடும் பக்கத்தில் மட்டும் டைட்டேனியப் பூச்சு. மருந்துக்கும் வைத்தியச் சாதனங்களுக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரச நிறுவனமான எஃப்.டி.ஏ., நோயாளியின் ஸ்கானைப் பார்த்துச் செய்யும் வகை ஒன்றுக்கு 1999 இலும், ஆயத்த அளவுகளில் வரும் வகை ஒன்றுக்கு 2005 இலும் அனுமதி கொடுத்தது. எல்லாவற்றையும் எலும்போடு பிடிப்பது ஸ்குரூக்கள்.

எவர்சில்வர் கறள் பிடிக்காதுதானே, அதில செய்தா மலிவா முடியாதோ?

வைத்தியத்துக்குப் பாவிக்கும் எவர்சில்வர் சட்டி பானை எவர்சில்வரை விடத் தரமானது, 316 எல் என்பார்கள். அதில் குரோமியம் 17 முதல் 19 சதவீதம், நிக்கல் 13 முதல் 15 சதவீதம், கொஞ்சம் மொலிப்டினம். உடைந்த எலும்பு பொருந்தும் வரை பிடித்து வைக்க அது போதும், பிறகு கழற்றிவிடலாம். ஆனால் வருடக்கணக்காக உள்ளே விட்டால் உப்பு அதன் படலத்தை ஊசி முனை அளவு இடங்களில் துளைத்து உள்ளே குழி பறிக்கும். ஸ்குரூத் தலைக்கும் பிளேட்டுக்கும் இடையில் இது இன்னும் மோசம். கரைந்து வருவதில் நிக்கலும் இருக்கும். நிரந்தரமான மூட்டுக்கு அது பொருந்தாது.

அப்ப இதுகள் கறள் பிடிக்காட்டி, பிறகேன் உலோகம் உடம்பில கரையுது எண்டு சொல்லினம்?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்தில் மிக நீளமான பதிலும் இதற்குத்தான். படலம் சும்மா இருந்தால் உலோகம் கரைவது மிக மிகக் குறைவு. மூட்டு சும்மா இருப்பதில்லை. கதைப்பது, மெல்லுவது, எச்சில் விழுங்குவது, கொட்டாவி என்று ஒரு நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் அசையும். ஒவ்வொரு உரசலிலும் படலம் கொஞ்சம் கழன்று வெறும் உலோகம் வெளியே தெரியும், திரும்பப் படலம் வளர்வதற்குள் சில அயன்கள், அதாவது மின்னேற்றத்தோடு கரைந்து பிரியும் உலோக அணுக்கள், திரவத்துக்குள் போய்விடும், அடுத்த உரசலில் அந்தப் புதுப் படலமும் போகும். தேய்மானமும் அரிப்பும் (உலோகம் கரைந்து போவதும்) சேர்ந்து ஒன்றை ஒன்று தூக்கி விடுவது இது. இரண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் வரும் இழப்பை விட, இரண்டும் சேர்ந்து நடக்கும்போது வரும் இழப்பு அதிகமாக இருக்கும்.

இரண்டாவது, இடுக்கு. தகரக் கூரையைப் பாருங்கள், வெளியே மினுங்கிக்கொண்டிருக்கும் தகரத்தில் முதலில் கறள் ஏறுவது ஆணி வாஷருக்கு அடியில்தான். தண்ணீர் உள்ளே போகும், ஒட்சிசன் முடிந்த பிறகு புதிதாக வராது, உப்பின் குளோரைட்டு உள்ளே சேரும், கரைந்த உலோக அயன்கள் தண்ணீரோடு தாக்கி அமிலமாக்கும். ஒட்சிசன் இல்லாத அமிலத்துக்குள் படலம் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. தாடையில் ஸ்குரூத் தலைக்கு அடியிலும், தண்டில் இரண்டு உலோகம் பொருந்தும் இடத்திலும் இதே நிலைதான். அங்கே மைக்ரோமீற்றர் கணக்கில் சின்ன ஆட்டமும் சேர்ந்தால் இடுக்கும் உரசலும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

அதனால்தான் நான் எல்லோருக்கும் சொல்வது, எந்த உலோகம் என்று கேட்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்றும் கேளுங்கள். நல்ல உலோகம் ஆடிக்கொண்டிருந்தால் அதை விடச் சுமாரான உலோகம் அசையாமல் இருப்பது மேல்.

புளி, உறைப்பு, வெத்திலை சுண்ணாம்பு எல்லாம் பட்டு அரிச்சுப் போடாதோ?

படாது. மூட்டு வாய்க்குள் இல்லை, தோலுக்கும் தசைக்கும் அடியில் காதுக்கு முன்னால் இருக்கிறது. எச்சிலே அங்கே போவதில்லை, புளிக்குழம்பு எப்படிப் போகும்? வாய்க்குள் வைக்கும் செயற்கைப் பல்லுக்கும் பல் கம்பிக்கும் மட்டும்தான் இந்தக் கேள்வி பொருந்தும்.

வெற்றிலை பற்றிக் கேட்டதால் ஒன்று. பாக்கு வாயின் உள்தோலை வருடக்கணக்கில் இறுக்கி வாய் திறப்பதையே சுருக்கிவிடும், புற்றுநோய்க்கும் வழி. வெற்றிலை போடுபவருக்கு மூட்டு மாற்றியும் வாய் திறக்கவில்லை என்றால் காரணம் உலோகமாக இல்லாமல் பாக்காகவும் இருக்கலாம்.

எங்கட கிணத்துத் தண்ணியில புளோரைட் கூட எண்டு சொல்லிப்போட்டாங்கள். அது டைட்டேனியத்தைத் தின்னுமாமே?

பாதி உண்மை. புளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் டைட்டேனியத்தின் படலத்தைக் கரைக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு லீற்றருக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மில்லிகிராம். பல் வைத்தியர்கள் பூசும் சில ஜெல்களில் அந்த அளவு உண்டு, அதனால் வாய்க்குள் டைட்டேனியம் வைத்தவர்கள் அதைச் சொல்லிவிடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வவுனியாப் பக்கக் கிணறுகள் சில அதைத் தாண்டினாலும், குடித்த பிறகு இரத்தத்தில் இருப்பது அதை விட மிகக் குறைவு. மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. பல்லுக்கும் எலும்புக்கும் அந்தத் தண்ணீர் கூடாது என்பது வேறு கதை.

எனக்குக் கிட்னி வருத்தம், கிளினிக் போறன். மூட்டு வைக்கலாமோ?

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் குறைவாகத்தான் கேட்கிறார்கள். வவுனியா உட்பட உலர் வலயத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்தானே. கரைந்து வரும் கோபால்ட்டையும் குரோமியத்தையும் உடம்பு பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மெதுவானால் அதே மூட்டு, அதே தேய்மானம், ஆனால் இரத்தத்தில் தங்கும் அளவு கூடும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளைச் சிறுநீரக நோயாளிகளுக்கு வைக்கக்கூடாது என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

தாடை மூட்டு இடுப்பு மூட்டை விட மிகச் சின்னது, பொலித்தீனோடு உரசுவதால் வரும் உலோகமும் குறைவு, அதனால் உடனே முடியாது என்று ஆகிவிடாது. ஆனால் தாடை பார்க்கும் டொக்டருக்குக் கிட்னிக் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் விடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கிளினிக் என்பதால் ஒருவர் சொல்லாமல் மற்றவருக்குத் தெரியவராது.

எனக்கு உடம்பெல்லாம் செல் பீஸ். மூட்டும் வைச்சா ரெண்டு உலோகம் சேர்ந்து கரண்ட் உண்டாகுமோ?

இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் திரவத்துக்குள் இருந்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டும் இருந்தால் மின்னோட்டம் வரும், வலுக் குறைந்தது வேகமாகக் கரையும். தொடுவது கட்டாயம். முதுகில் இருக்கும் பீஸுக்கும் தாடையில் இருக்கும் மூட்டுக்கும் இடையில் கம்பி ஏதும் இல்லை, ஆகவே ஒன்றும் நடக்காது. பீஸ் சரியாக மூட்டு வைக்கும் இடத்திலேயே கிடந்தால் மட்டும்தான் யோசிக்க வேண்டும், அப்போது பெரும்பாலும் அதை எடுத்துவிட்டுத்தான் மூட்டு வைப்பார்கள்.

செல் பீஸ் பெரும்பாலும் உருக்கு. அதைச் சுற்றி உடம்பு நார் இழையத்தால் ஒரு கூடு கட்டி ஒதுக்கி வைத்துவிடும், பலர் அப்படியே பிரச்சினை இல்லாமல் இருக்கிறார்கள். துவக்குச் சன்னம் வேறு மாதிரி, அதற்குள் ஈயம் உண்டு. தசைக்குள் கிடந்தால் பரவாயில்லை, மூட்டுக்குள் கிடந்தால் மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். ஆண்டுகள் கழித்து ஈய நஞ்சாக வெளிப்படலாம். எந்த மூட்டுக்குள்ளாவது சன்னம் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் சொல்லியிருந்தால் அதைச் சும்மா விடாமல் காட்டுங்கள்.

ஒரே சாதனத்திலயே கோபால்ட்டும் டைட்டேனியமும் தொட்டுக்கொண்டு இருக்கே, அது பிழை இல்லையோ?

மேலே சொன்ன விதிப்படி பார்த்தால் பிழை போலத்தான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நல்ல படலம் இருப்பதால் இடையில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, சோதனைகளில் இந்தச் சோடி பெரிய சிக்கல் இல்லாமல் நிற்கிறது. எவர்சில்வரையும் கோபால்ட்டையும் சேர்ப்பதுதான் கூடாத சோடி, எவர்சில்வர் போய்விடும். அதனால்தான் ஒரு சாதனத்துக்கு அதனோடு வந்த ஸ்குரூவையே போட வேண்டும், ஒன்று குறைகிறது என்று வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டக்கூடாது.

கோபால்ட் உருண்டையும் டைட்டேனியத் தண்டும் பொருந்தும் இடம் ஆடத் தொடங்கினால் கதை மாறும். அது முன்னே சொன்ன இடுக்குப் பிரச்சினை. இடுப்பு மூட்டுகளில் இந்த இணைப்பிலிருந்து அரிப்பு வந்தது நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

நகை மாத்திப் போட்டாலே கடிக்கும் எனக்கு. இதுக்கும் அலர்ஜி வருமோ?

கவரிங் தோடு, பெல்ட் பூட்டு, மணிக்கூட்டுச் சங்கிலி பட்டுத் தோல் கடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும், பெண்களுக்கு அதிகம். எவர்சில்வரில் நிக்கல் நிறைய, கோபால்ட் குரோமியத்தில் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு, டைட்டேனியத்தில் தடம் மட்டும். அளவு குறைவாக இருந்தாலும் சொல்லி வைக்க வேண்டும். நிக்கலுக்கு அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்குக் கோபால்ட்டும் ஒத்துவராது.

மேசன் வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். சீமெந்தில் இருக்கும் குரோமியச் சேர்மத்தால் கை வெடித்துத் தோல் உரிவது குரோமிய அலர்ஜியாக இருக்கலாம், வீட்டுத்திட்டக் காலத்தில் எங்கள் பக்கம் மண்வெட்டி பிடித்த பாதிப் பேர் கரண்டியும் பிடித்தவர்கள்தானே. தோலில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, இரத்தத்தில் வெள்ளணுக்களை எடுத்து உலோகத்தோடு வைத்துப் பார்ப்பது இன்னொன்று. தோலில் அலர்ஜி வந்தால் உள்ளேயும் கட்டாயம் வரும் என்று இரண்டும் உறுதியாகச் சொல்லாது. முன்பு அலர்ஜி இருந்தவர்களுக்கு முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

அலர்ஜி எண்டா முழுக்க டைட்டேனியத்தில செய்தாச் சரிதானே?

அப்படியும் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் டைட்டேனியம் எலும்போடு ஒட்டி நிற்கத்தான் கெட்டிக்காரன், உரசுவதற்கு மோசமான உலோகம். மேற்பரப்பு மென்மை, சுரண்டுப்பட்டால் கருப்புத் தூளாக உதிரும், அந்தத் தூள் தசையில் படிந்து அழற்சி உண்டாக்கும். கோபால்ட் குரோமியத்தை உருண்டைக்குத் தேர்ந்தெடுத்ததே அதன் கடினத்துக்காக. நைட்ரைட்டு போன்ற கடினமான பூச்சுகள் போட்டு இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் அந்த உரிந்த துணுக்கே அரத்தூள் போல மிச்சத்தைத் தேய்க்கும். அதனால் உண்மையான அலர்ஜி இருப்பவருக்கு மட்டும் இது சரியான வழி, சும்மா பயத்துக்காகக் கேட்டு வாங்குவதற்கில்லை.

உலோகத்தோட உலோகம் உரசிற மூட்டு பலமா இருக்கும் எண்டு ஒருத்தர் சொன்னார்.

சொன்னவர் பழைய காலத்தில் நிற்கிறார். தாடை மூட்டிலும் குழி, உருண்டை இரண்டுமே கோபால்ட் குரோமியமாக ஒரு வகை இருந்தது, 2001 இல் எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது, இப்போது செய்வதில்லை. உலோகம் இரண்டும் உரசினால் தூள் அளவில் குறைவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு தூளும் மிகச் சின்னது, எண்ணிக்கையில் ஏராளம், அதனால் அயனாகக் கரையும் பரப்பும் அதிகம். இடுப்பு மூட்டில் இதே எண்ணத்தோடு உலகம் முழுக்க விற்ற ஏ.எஸ்.ஆர். என்ற சாதனத்தை 2010 இல் திரும்பப் பெற வேண்டி வந்தது.

உலோகத்துக்குப் பயந்து மறுபக்கம் ஓடியும் கை சுட்டிருக்கிறார்கள். 1980 களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் புரோபிளாஸ்ட் டெஃப்லோன் என்று ஒன்றை வைத்தார்கள். டெஃப்லோன் எதனோடும் தாக்காது, அரிக்கவே அரிக்காது. ஆனால் மூட்டின் பாரத்தில் அது துண்டு துண்டாகச் சிதறி, அந்தத் துணுக்குகளைத் தின்ன வந்த உடற்கலங்கள் பக்கத்து எலும்பையும் தின்றன, சிலருக்கு மண்டையோட்டின் அடியே ஓட்டையானது. 1990 களின் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. அரிக்காத பொருள் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

உள்ளுக்க அரிக்குது எண்டு எப்பிடித் தெரியும்? ரத்தத்தில பாக்கலாமோ?

சரியாகி வருடங்கள் கழித்துப் புதிதாக வரும் நோவு, காதுக்கு முன்னால் வீக்கம், முன்பில்லாத கடகட சத்தம், கடிக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாமல் போவது, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, இவைதான் போய்க் காட்ட வேண்டியவை. இதே குறிகள் கிருமித் தொற்றுக்கும், ஸ்குரூ கழன்றதற்கும், மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்ததற்கும் வரும், எனவே உலோகத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொற்றும் அரிப்பும் ஒன்றை ஒன்று கூட்டும் என்பதும் உண்டு. கிருமி வந்த இடம் அமிலமாகும், அங்கே வரும் வெள்ளணுக்கள் ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவற்றைக் கக்கும், இரண்டும் படலத்தைப் பலவீனமாக்கும்.

இரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் அளக்க முடியும். பிரித்தானியாவில் உலோகம் உலோகத்தோடு உரசும் இடுப்பு மூட்டுக்கு லீற்றருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்று வைத்தார்கள். அந்த எண்ணை எடுத்துத் தாடைக்கு அப்படியே பொருத்தக்கூடாது. சின்ன மூட்டு, இரத்தத்தில் அளவு சாதாரணமாகவே இருக்கும், பக்கத்துத் தசை மட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இரத்தம் எடுப்பதும் சாதாரண குழாயில் எடுத்தால் ஊசி, போத்தல் எல்லாவற்றிலிருந்தும் உலோகம் கலந்து பொய்க் கணக்கு வரும், அதற்கென்றே தனிக் குழாய் இருக்கிறது.

இரவில பல்லு நறநறக்கிறனாம், மனுசி சொல்லுறா. அது மூட்டுக்குக் கூடாதோ?

கூடாது. மெல்லும்போது வரும் பாரத்தை விட நித்திரையில் பல் கடிக்கும் பாரம் அதிகம், நேரமும் அதிகம், நடுவில் உணவு என்ற மெத்தையும் இல்லை. உரசலில் படலம் கழன்று அயன் போகும் என்று முன்னே சொன்னதெல்லாம் இங்கே பல மடங்காக நடக்கும். ஸ்குரூக்களும் ஆடத் தொடங்கும். மூட்டு வைப்பதற்கு முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள், இரவில் பல்லில் மாட்டும் கவசம் செய்து தருவார்கள். உங்களுக்குத் தெரியாது, மனுசிக்குத்தான் தெரியும், ஆகவே அவவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமோ? மின்னல் இழுக்குமோ?

மின்னல் இழுக்காது. வயல் வெளியில் நிற்காமல் இருங்கள், அது மூட்டு வைக்காதவர்களுக்கும்தான்.

டைட்டேனியமும் கோபால்ட் குரோமியமும் காந்தத்தால் இழுபடுபவை அல்ல, எனவே பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் மூட்டைச் சுற்றிப் படம் கலங்கும். எங்கள் ஆட்களுக்கு உண்மையான ஆபத்து செல் பீஸ். உருக்குத் துண்டு காந்தப் புலத்தில் அசையும், கண்ணுக்கோ மூளைக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் விபரீதம். மூட்டைப் பற்றிச் சொல்கிற பலர் பீஸைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், இத்தனை வருசம் உள்ளே கிடந்து பழகிவிட்டது. இரண்டையும் சொல்லுங்கள், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

நான் மிதிவெடி அகற்றிற வேலை செய்யிறன் அண்ணை. டிடெக்டர் என்ர தாடைக்குக் கத்துமோ?

முகமாலையிலிருந்து கேட்ட தங்கச்சிக்குச் சொன்னதையே எழுதுகிறேன். கண்ணிவெடி டிடெக்டர் மிக நுட்பமானதுதான், ஆனால் அதன் காந்தப் புலம், நிலத்துக்கு மேல் பிடிக்கும் தேடும் தட்டிலிருந்து விலக விலகச் சட்டென்று குறையும். தட்டு நிலத்தோடு இருக்கும்போது முகம் அதற்கு எட்டாத் தூரம். குனிந்து முழங்காலில் நின்று கையால் கிளறும்போது தட்டைப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் சத்தம் வரலாம். காலையில் கருவியைச் சரிபார்க்கும் நேரத்தில் தட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் எந்தத் தூரத்தில் கத்துகிறது என்று மேற்பார்வையாளருக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். விமான நிலைய வாசலில் கத்தினால் பயப்பட வேண்டாம், டொக்டரின் கடிதத்தைக் காட்டுங்கள்.

எத்தனை வருசம் நிக்கும்?

20 வருடத்தைத் தாண்டியும் வேலை செய்யும் மூட்டுகள் பதிவாகியிருக்கின்றன. ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேலே நான்காவது கேள்வியிலும் பல் கடிப்பதிலும் சொன்னவைதான். ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம், சொந்த மூட்டு சுழலவும் முன்னே சறுக்கவும் செய்யும், வைத்த மூட்டு பெரும்பாலும் சுழல மட்டுமே செய்யும், ஆகவே பழையபடி முழு மாங்காயைக் கடிக்குமளவுக்கு வாய் திறக்காது. வளரும் பிள்ளைகளுக்கு உலோகத்தை விட விலா எலும்பின் நுனியை எடுத்து வைப்பதைத்தான் பல காலமாகச் செய்து வருகிறார்கள், அது பிள்ளையோடு வளரக்கூடியது, அரிப்புக் கேள்வியும் இல்லை.

சுவிஸ்ல இருக்கிற சித்தப்பா மூட்டு வாங்கி அனுப்புறன் எண்டுறார். இங்க வைப்பினமோ?

சித்தப்பாவின் மனசு பெரியது, ஆனால் இது போன் வாங்கி அனுப்புவது போலில்லை. அளவெடுத்துச் செய்யும் வகைக்கு உங்கள் தாடையின் சி.ரி. ஸ்கான் வேண்டும், சத்திரசிகிச்சை செய்பவரும் மூட்டைத் தயாரிப்பவர்களும் சேர்ந்து வடிவத்தை முடிவு செய்வார்கள். ஆயத்த வகைக்கும் அதற்கான சத்திரசிகிச்சைக் கருவிப் பெட்டி, அளவு பார்க்கும் மாதிரித் துண்டுகள், அதற்கே உரிய ஸ்குரூக்கள் தேவை. இலங்கைக்குள் கொண்டுவர தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் துண்டு எந்தக் கலப்புலோகம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. காசை அனுப்பச் சொல்லுங்கள், சாமானை இங்கே ஓபிரேசன் செய்யப் போகிறவர் தெரிவு செய்யட்டும்.

2009 ல வைச்ச பிளேட் ஒண்டு கிடக்கு. என்ன உலோகம் எண்டும் தெரியாது, துண்டும் துலைஞ்சு போச்சு. எடுக்க வேணுமோ?

எங்கள் பக்கத்தின் பெரிய சிக்கல் இதுதான். உலோகத்தை விடக் காகிதம் முதலில் போய்விட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, சிலருக்கு ஓபிரேசன் பாடசாலைக் கட்டடத்தில் நடந்தது, சிலரைக் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனார்கள், யாரிடம் கேட்பது?

தொந்தரவு இல்லாத டைட்டேனியப் பிளேட்டை எடுக்கத் தேவையில்லை. எவர்சில்வர் என்றால் எடுப்பது பற்றி யோசிப்பார்கள். நோவு, சீழ், ஸ்குரூ தளர்வு, பிளேட் வெளியே தெரிவது இருந்தால் எதுவானாலும் பேச வேண்டும். எக்ஸ்ரேயில் டைட்டேனியம் எவர்சில்வரை விடக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பிளேட்டின் வடிவத்தையும் ஸ்குரூத் தலையின் வெட்டையும் பார்த்து அனுபவமுள்ளவர் ஊகிப்பார், ஆனால் ஊகம்தான். ஓபிரேசன் நடந்த வைத்தியசாலை தெரிந்தால் திகதி, பெயர், அப்போது கொடுத்த முகவரி மூன்றையும் எழுதிக் கொடுத்து ஆவணப் பகுதியில் தேடச் சொல்லுங்கள். அப்போதைய முகவரி முகாம் முகவரியாக இருக்கலாம், அதை யோசித்து எழுதுங்கள். எப்போதாவது பிளேட்டை எடுக்க நேர்ந்தால் எறிய விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எக்ஸ்ரே ஒளிர்வில் தனிமம் பார்க்கும் கைக்கருவியில் காட்டினால் சில நொடியில் உலோகம் எது என்று தெரிந்துவிடும். புதிதாக மூட்டோ பிளேட்டோ வைப்பவர்கள் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை கிளினிக் கொப்பியில் ஒட்டச் சொல்லி, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.